தெற்கு முகம் தூங்கும்

7

உச்சி வேளை. வைகாசி வெயில் காஞ்சிபுரத்தை வறுத்தது. வாசகசாலை முற்றத்துக் கல்தூணின் தெற்கு முகத்தில் மட்டும் ஒரு பொட்டு வெயில் இல்லை.

துர்காதேவி தூணை இரண்டு முறை சுற்றினாள்.

"மணி வேணும்னா என்னைக் கேளுக்கா," என்றான் சிட்டிபாபு. "வாட்ச் கட்டிக்கினுதான் நிக்கறேன்."

"உன் வாட்ச் நின்னு ஆறு மாசம் ஆச்சு."

"இந்தக் கல்லு நின்னு நூத்தி எண்பது வருஷம் ஆச்சு. அதைப் போய் சுத்தி சுத்தி வர்றே."

துர்காதேவிக்கு நாற்பத்தொன்பது வயது. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, தானாக எரிந்த கடைகளையும் சாகாமல் செத்தவர்களையும் விசாரித்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். சிட்டிபாபு உதவியாளன். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஸ்கூட்டர் ஓட்டுவான். வாயும் ஓட்டுவான்.

தூண் ஆளுயரம். தெற்கு முகத்தில் விசிறிபோலக் கோடுகள். நடுவில் சாய்ந்த பித்தளைக் கம்பி. கம்பியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அது மணி. வடக்கு முகத்திலும் அதேபோல் ஒன்று. அங்கே இப்போது நிழல் பன்னிரண்டில் நின்றது. அடியில் எழுத்து வெட்டியிருந்தது: 'கணித்தவர் மிராசு சபாபதி. 1846.'

தூண் பத்திரமாக இருந்தது. அதைச் செய்யச் சொல்லிக்கொடுத்த புத்தகத்தைத்தான் ஒன்பது நாளாகக் காணோம்.

தோலட்டைப் புத்தகம். 1690களில் லண்டனில் அச்சானது. நிழற்கடிகாரம் செய்யும் முறை, கிரகங்களின் கணக்கு, செப்புத்தகட்டுப் படங்கள். ஒரு பாதிரியார் கொண்டுவந்து விட்டுப் போனது. அறக்கட்டளைத் தலைவர் ரேணுகாம்பாள் காலையில் போன் செய்து சொன்னது இரண்டே வாக்கியம். "மூணு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள தெரியலைன்னா பெரியநாயகி மேல போலீஸ்ல புகார், வேலையும் போகும்."

பெரியநாயகி படியில் நின்றாள். வாசகசாலை உதவியாளர். இருபத்துநாலு வருடம். மாகறலிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள்.

"பீரோ சாவி என்கிட்டதாம்மா இருக்குது," என்றாள். "அதனால நான்தான் திருடி."

"வேற யார்கிட்டயும் இல்லையா?"

"செயலாளர் கேட்டா கொடுப்பேன். அவர் கேட்டதுக்கு நோட்டுல கையெழுத்து வாங்க முடியுமா?"

"அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இங்கிலீஸ் எனக்கு வராது. கடைசியில நாலு வெள்ளைத் தாள் இருக்கும். அதுல தமிழ்ல எழுதியிருக்குது. நீலமா. அதைப் படிச்சேன். படிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய எழுத்து, புள்ளியே இருக்காது."

"யார் எழுதினது?"

"மாசிலாமணின்னு ஒருத்தர். மாகறல்காரர். கிணத்துல தண்ணி இறைக்கிற ஆளு, புத்தகத்துக்காரப் பாதிரியார் பாடம் சொல்றதைக் கேட்டுக் கத்துக்கிட்டவரு. எங்க அப்பா வழியில எத்தனையோ தலைமுறை முன்னாடி. பாதிரியார் மை தரமாட்டேன்றார், அவுரித் தொட்டி வண்டலை எடுத்து எழுதறேன், அப்படின்னுதான் முதல் வரியே." அவள் தூணைப் பார்த்தாள். "கணக்கெல்லாம் அவரு போட்டதும்மா. கல்லு வெட்டினதும் அவருதான்."

"கல்லுல வேற பேர் இருக்கே."

"அதைத்தான் செயலாளர்கிட்ட சொன்னேன். போன மாசம். வாசகசாலை நூற்றாண்டு மலர்ல ஒரு வரி போடுங்கன்னேன். பாக்கலாம்னார். அப்புறம் புத்தகத்தைக் காணோம்."

"போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"பட்டன் போனும்மா என்னுது."

சிட்டிபாபு தன் கேமரா போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

*

செயலாளர் திருஞானசம்பந்தம் தன் அறையில் மலரின் அச்சுப் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது. பட்டு ஜவுளிக்கடை முதலாளி. மிராசு சபாபதி அவருடைய பாட்டனாருக்குத் தாத்தா.

"உக்காருங்க. அந்த அம்மா நல்லா அழுவாளே? எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா சாவி அவகிட்ட."

"மலர் வந்தாச்சா சார்?"

"இன்னைக்குக் காலையிலதான். ஞாயித்துக்கிழமை விழா." ஒரு பிரதியைத் தள்ளினார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய கட்டுரை. துர்காதேவி ஒரு பத்தியை இருமுறை படித்தாள்.

'என் முன்னோர் சபாபதி அவர்கள், வைகாசி ஆனி மாதங்களின் கடும் வெயிலிலும், நண்பகல்தோறும் தெற்கு முகத்தின் எதிரே நின்று, நிழல் விழும் இடத்தைத் தம் கையாலேயே குறித்தார்கள்.'

"இது எங்கே கிடைச்சது சார்?"

"எங்க வீட்டுக் குறிப்பு."

"குறிப்பைப் பாக்கலாமா?"

"வாய்வழிக் குறிப்பு."

சிட்டிபாபு குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான். எழுந்தபோது கேட்டான்.

"வேட்டி நல்லா இருக்குது சார். அரக்குக் கரை. நடுவுல வெள்ளைப் புள்ளி வெச்சு நெய்ஞ்சதா?"

திருஞானசம்பந்தம் கரையைப் பார்த்தார். நாலு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று பெரிது. மூன்று தெறிப்பு. வேட்டியைச் சற்று மடக்கிக்கொண்டார்.

"சலவைக்காரன் வேலை," என்றார்.

வெளியே வந்ததும் துர்காதேவி கேட்டாள். "என்ன அது?"

"ஹைட்ரோஸ். சாயம் உரிக்கிற பவுடர். தப்பா சாயம் ஏறின பட்டை அதுல முக்கினா வெள்ளையாயிடும். முட்டை அழுகின மாதிரி ஒரு நாத்தம் வரும். அவர் ரூம்ல அந்த நாத்தம் அடிச்சுது பாரு. சலவைக்காரன் அதை ஏன் வாங்கப் போறான்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒரு வாட்டி என் ஜீன்ஸை வெள்ளையாக்கலாம்னு அதுல முக்கினேன். தண்ணிக்குள்ள வெளுத்துப் போச்சு. சூப்பர்னு எடுத்துக் கொடியில போட்டேன். டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், திரும்ப நீலமா தொங்கினுகிது. பக்கெட்டுக்குப் பேய் பிடிச்சிருக்குதுன்னு எங்கம்மா அதை வெளிய வீசிடுச்சு. பேன்ட்டும் போச்சு, பக்கெட்டும் போச்சு."

"இவருக்கு சாயப்பட்டறை எங்கே?"

"பிள்ளையார்பாளையம்."

"வண்டியை எடு."

*

பட்டறையில் கொதிகலன் அணைந்திருந்தது. கொடியில் மஞ்சள் பட்டு நூல் சிட்டங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஆனந்தராஜ் சோற்றுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். கை இரண்டும் முழங்கைவரை அரக்கு. பதினைந்து வருடச் சாயக்காரன்.

மேடையில் ஒரு அகலத் தட்டு. கழுவிக் கவிழ்த்தது. விளிம்பில் பழுப்பாக ஒரு தோல் துணுக்கு ஒட்டியிருந்தது.

துர்காதேவி தட்டைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டாள். "நாலு தாளும் ஒண்ணாவே முங்கிச்சா?"

"இல்லம்மா, ஒவ்வொண்ணா..." ஆனந்தராஜ் நிறுத்தினான்.

சிட்டிபாபு ஒரு ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினான். "உக்காருபா. நீ இன்னா புத்தகத்தைத் திருடினியா? ஓனர் சொன்னார், செஞ்சே."

ஆனந்தராஜ் உட்காரவில்லை.

"இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு எடுத்துக்கினு வந்தாரு. கடைசித் தாளுங்கள்ல கிறுக்கியிருக்குது, எடுத்துடுன்னாரு. புத்தகத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கினு அந்தத் தாளுங்களை மட்டும் நனைச்சேன். அவரும் பிடிச்சாரு. வேட்டியில தெறிச்சிடுச்சு."

"எழுத்து போயிடுச்சா?"

"சுத்தமா. இங்க நாங்க போடற சாயம் எதுவா இருந்தாலும் அதுல நிக்காது."

"அப்புறம் அலசினீங்களா?"

"காகிதமாச்சே, பிஞ்சிடும்னு அலசலை. சாயத்தைக் கரைக்கிற சோடாவும் போடலை. ஈரத்தோடவே கவர்ல போட்டு ஒட்டச் சொன்னாரு. புடவைக் கவர் ஒட்டற மெஷின்ல ஒட்டிக் கொடுத்துட்டேன்."

துர்காதேவி தட்டின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்.

"மூணு மணிக்கு வந்து இதையே சொல்வீங்களா? பெரியநாயகின்னு ஒரு அம்மாவுக்கு வேலை போகப் போகுது. போலீசும் வரும்."

"பெரியநாயகியா? மாகறலா?"

"தெரியுமா?"

"எங்க தெருதாம்மா." அவன் தூக்கின் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே மூடியிருந்தது. "எனக்கு ரெண்டு பொண்ணு. சாயத்தைத் தவிர வேற வேலை தெரியாது. என் பேரு வெளிய வந்துதுன்னா, இந்த ஊருல ஒரு பட்டறையும் என்னை சேத்துக்காது. நான் எதுவும் சொல்லலை. நீங்களும் இங்க வரலை."

"அவ உங்க தெரு."

"அதான்மா சொல்றேன். தினம் அவ மூஞ்சியில முழிக்கணும். அதுவே எனக்குப் போதும்."

ஸ்கூட்டர் வாசகசாலைப் பக்கம் திரும்பியது. கருட சேவைக்குப் போட்ட பந்தல் காலைச் சுற்றிக்கொண்டு போகும்போது சிட்டிபாபு சொன்னான்.

"சாட்சி போச்சு. எழுத்தும் போச்சு. இனிமே போய் இன்னாக்கா செய்யப் போறோம்? வெள்ளைத் தாளைக் காட்டி அழுவறதா?"

"உன் ஜீன்ஸுக்கு என்ன சாயம்?"

"நீலம்."

"அது தெரியுது. எந்த நீலம்?"

"அவுரி. ஜீன்ஸ்னாலே அவுரிதான். ஊர்ல இப்ப எவன் அதைப் போடறான், ஆனந்தராஜ் அதைக் கண்ணாலகூட..." சிட்டிபாபு பிரேக் போட்டான். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அவன் குடும்பத்தை விசாரித்தான்.

"அக்கா."

"வாயை மூடு. மூணு மணி வரைக்கும்."

"அது எனக்கு ரொம்ப ஜாஸ்திக்கா."

*

கமிட்டியில் ஐந்து பேர். நடுவில் ரேணுகாம்பாள். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். தீர்மானப் புத்தகம் செயலாளர் முன்னால் இருந்தது. பெரியநாயகி கதவோரம் நின்றாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

திருஞானசம்பந்தம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே தோலட்டை.

"கிடைச்சிடுச்சு. இப்ப அரை மணி முன்னாடி. தண்ணித் தொட்டி ரூம்ல, இந்த அம்மா துடைப்பம் வைக்கிற மூலையில. நான் பிரிக்கலை. பார்த்தபடியே கொண்டுவந்திருக்கேன்."

பெரியநாயகி கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னே வந்தாள்.

துர்காதேவி கவரைத் திருப்பினாள். "உள்ளே ஈரம். வெளியே காய்ஞ்சிருக்கு. நாலு பக்கமும் ஒட்டின கவருக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

"நனைஞ்சிருக்கும். பயந்துபோய் கவர்ல போட்டு ஒட்டியிருப்பா."

"எந்த மெஷின்ல?"

"அதை அவளைக் கேளுங்க."

ரேணுகாம்பாள் கத்தரிக்கோலால் கவரை வெட்டினார். அழுகிய முட்டை வாடை எழுந்தது. ஒரு உறுப்பினர் மூக்கைப் பொத்தினார். கடைசி நாலு தாளைப் புரட்டினார்கள். ஈரம். லேசான மஞ்சள். வெறுமை.

"பெரியநாயகி ஏதோ எழுத்து இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தா," என்றார் திருஞானசம்பந்தம். "எங்கே? எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதா?"

பெரியநாயகி மேசை அருகே வந்து பார்த்தாள். தொட்டாள். விரலைப் பார்த்தாள். அழவில்லை.

"ரெண்டு வருஷம் படிச்சேன்," என்றாள்.

"பெரியநாயகி," துர்காதேவி கேட்டாள். "மழைக்காலத்துல ஈரப் புத்தகம் வந்தா என்ன செய்வீங்க?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க. உங்க வேலைதானே."

"வெயில்ல காட்டக் கூடாது. ஃபேனுக்கு அடியில, தாளைத் தனித்தனியா விரிச்சு நிக்க வெக்கணும்."

"அப்படி வெச்சிடுங்க. புத்தகம் என்ன பாவம் பண்ணிச்சு?"

பெரியநாயகி அதைச் செய்தாள். ஓரத்து மேசையில், ஃபேனுக்குக் கீழே. இருபத்துநாலு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

"இதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் செயலாளர்.

"சம்பந்தம் நீங்கதான் சார்," என்றான் சிட்டிபாபு.

துர்காதேவி அவனை முறைத்தாள். மலரைப் பிரித்து அந்தப் பத்தியை உரக்கப் படித்தாள். வைகாசி, ஆனி, நண்பகல், தெற்கு முகம், நிழல்.

"எல்லாரும் கொஞ்சம் ஜன்னல்கிட்ட வாங்க. இதுவும் வைகாசிதான்."

வந்தார்கள். முற்றத்தில் வெயில் தகித்தது. தூணின் தெற்கு முகம் இருட்டாக இருந்தது.

"நண்பகல்லயும் இப்படித்தான் இருந்தது. பார்த்தேன். காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். இந்த மாசங்கள்ல நம்ம ஊருக்கு சூரியன் வடக்குப் பக்கமா போகுது. தெற்கு முகத்துல வெயிலே படாது. வெயில் படாத இடத்துல உங்க முன்னோர் எந்த நிழலைக் குறிச்சார்?"

திருஞானசம்பந்தம் வேட்டியைச் சரிசெய்தார்.

"அங்கே ஒரு நாளாவது நின்னவனுக்கு இது தெரியும். வடக்கு முகத்தை வெட்டினவனுக்குத் தெரியும். உங்க வீட்டுக் குறிப்புக்குத்தான் தெரியலை."

"ஏதோ எழுத்துப் பிழை," என்றார் திருஞானசம்பந்தம். "மாசம் மாறியிருக்கும். அதை வெச்சு என்னைத் திருடன்னு சொல்லிடுவீங்களா? ஆதாரம் எங்கே?"

"உங்க பின்னாடி."

திரும்பினார்கள்.

முதல் தாளின் ஓரத்தில் ஒரு பச்சை நிழல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்தது. நீலமானது. ஒரு கொம்பு. ஒரு கால். ஒரு சுழி. காற்று பட்ட இடத்திலெல்லாம் எழுத்து எழுந்து வந்தது.

"ஜீன்ஸ்," என்றான் சிட்டிபாபு மெதுவாக.

"அவுரி மை," என்றாள் துர்காதேவி. "ஹைட்ரோஸ்ல முக்கினா ஒளிஞ்சுக்கும். போகாது. காத்து பட்டா திரும்பி வந்துடும். இப்ப இருக்கிற சாயத்தோடயே பழகினவங்களுக்கு இது தெரியாது. சார் வேட்டிக் கரையில போன அரக்கு மட்டும் வராது."

எல்லோரும் வேட்டிக் கரையைப் பார்த்தார்கள். நாலு வெள்ளைப் புள்ளிகள்.

பெரியநாயகி படித்தாள். திக்காமல் படித்தாள். பாதி மனப்பாடம்.

"சித்திரை பாதி முதல் ஆடி முடியச் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. புத்தகத்தில் இது இல்லை. அவர்கள் ஊரில் நடக்காது போலும். தெற்கு முகம் தூங்கும். ஆகையால் வடக்கே ஒரு முகம் வெட்டினேன். மாகறல் மாசிலாமணி. கிணற்று ஆள்."

ஃபேன் சுழன்றது. ரேணுகாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியநாயகி மேல தப்பில்லை," என்றார். "அதை எழுதிக்கோங்க."

திருஞானசம்பந்தம் பேனாவை எடுத்தார். அவர்தான் செயலாளர். அவர்தான் எழுத வேண்டும்.

"புத்தகம் ஏன் ஈரமாச்சுன்னு எழுதறது?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

ரேணுகாம்பாள் ஜன்னலைப் பார்த்தார். "சுத்தம் செய்யும் முயற்சியில் சிறிது ஈரம் பட்டது. போதும்."

"மேடம்," என்றாள் துர்காதேவி.

"ஞாயித்துக்கிழமை விழா. கலெக்டர் வர்றார். இந்த இடம் கொடுத்தது செயலாளர் குடும்பம். உங்களைக் கேட்டது புத்தகம் எங்கேன்னு. கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க. நன்றி."

"கல்லுல இருக்கிற பேர்?"

"கல்லைத் தொட்டா ஊர்ல பேச்சு வரும்."

"மலர்ல ஒரு வரி?"

"அச்சாகி வந்தாச்சே. அடுத்த மலர்ல பாக்கலாம்."

"அடுத்த நூற்றாண்டுக்கா?" என்றான் சிட்டிபாபு.

திருஞானசம்பந்தம் எழுதி முடித்து, தேதி போட்டு, தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டார். ஐந்து கையெழுத்து. அவருடையது கடைசி.

"இனிமே அந்தப் புத்தகத்தை யார் கேட்டாலும் செயலாளர் அனுமதி வேணும்," என்றார் எழுந்தபடி. "அரிய புத்தகம். பாதுகாப்பா இருக்கணும்."

அதையும் ஒப்புக்கொண்டார்கள். பெரியநாயகி எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

அவள் அசையவில்லை. நாலாவது தாளின் முன் நின்றாள்.

"இன்னும் ஒரு வரி வருது," என்றாள்.

நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் திரும்பவில்லை. துர்காதேவி மட்டும் அருகே போனாள். சிட்டிபாபு போனை எடுத்து நாலு தாளையும் படம் பிடித்தான்.

"இந்த வரியை நான் பாத்ததே இல்லம்மா. தாள் மடிஞ்சு ஒட்டியிருந்துது. இப்ப ஈரத்துல பிரிஞ்சிருக்குது."

"படிங்க."

பெரியநாயகி மனதுக்குள் ஒருமுறை படித்தாள். பிறகு வாய்விட்டு.

"கல்லில் எஜமான் பேர் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்."

அவ்வளவுதான். கீழே தேதிகூட இல்லை.

பெரியநாயகி தாள் காயும்வரை நின்றாள். பிறகு டீ சொல்லப் போனாள்.

முற்றத்தில் சிட்டிபாபு ஸ்கூட்டரை எடுக்காமல் தூணின் அருகே குந்தினான். 'மிராசு சபாபதி' என்ற எழுத்துகளை விரலால் தடவினான். ஒவ்வொரு சுழியும் ஒரே ஆழம். ஒரு இடத்தில்கூட உளி வழுக்கவில்லை.

"நல்லா வெட்டியிருக்கான்க்கா," என்றான்.